தங்கவயல் சாலையும் பேய்க் கதைகளும்

கோலார் தங்கவயலை விட்டு வெளியேறி வேற்றூர்களில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்குத் தொடங்கினாலும் இரவு உணவு முடிவதற்குள் பேய்க் கதையில் வந்து நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சயனைடு மேட்டு ஓரம் நின்ற வெள்ளைச் சேலைக்காரி, புளியமரத்தடியில் தீக்குச்சி கேட்ட மனிதன், பின்னால் நடந்து வந்து திரும்பிப் பார்த்தால் மறைந்துபோன காலடி ஓசை எனக் கதைகள் ஒன்றையொன்று தொட்டு நீளும். பிள்ளைகள் கண்களை அகல விரித்துக் கேட்பார்கள். முடிவில் ஒரு குழந்தை, "இது உண்மையா?" என்று கேட்கும். பெரியவர்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள். பேச்சு அத்துடன் கலையும்.

அந்த வினாவை மழுப்பாமல் எடுத்துக் கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேய் உண்டா இல்லையா என்று வழக்காடுவது நம் கருத்தன்று. தங்கவயல் கதைகளில் வரும் பேய்கள் யாவர்? அவர்கள் வீட்டிலோ காட்டிலோ நில்லாமல் சாலையில் நிற்பது ஏன்? இவ்விரு வினாக்களையும் தொடர்ந்து சென்றால், நம் முன்னோர் எழுதி வைக்காத வரலாறு ஒன்று நம் கைக்கு வரும் என நம்புகிறோம்.

பொன் தேடி வந்த வழி

கோலார்ப் பகுதி மண்ணில் பொன் இருப்பது உள்ளூர் மக்கள் பன்னெடுங்காலமாக அறிந்த செய்தி. 1802-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் எனும் ஆங்கிலப் படை அதிகாரி, ஊரிகம், மாரிகுப்பம் பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு குறித்து வைத்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், பெங்களூரில் தங்கியிருந்த லவேல் எனும் ஓய்வுபெற்ற படைவீரர் அக்குறிப்பைப் பின்பற்றி மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் வந்து சேர்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் மைசூர்ச் சுரங்கத்தில் வளமான பொன்பாறை தட்டுப்படவே, புதர்க்காடாகக் கிடந்த நிலம் நகரமாக மாறியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கும் அதன் பெருஞ்சுரங்கங்களாயின.

பாறையைக் குடைய ஆட்கள் வேண்டியிருந்தது. வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழரும், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கரும் திரள்திரளாக வந்தனர். வந்தவருள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். பஞ்சமும் பண்ணையடிமையும் பின்னிருந்து தள்ள, மாதக் கூலி முன்னிருந்து இழுத்தது. 1894-ஆம் ஆண்டில், இன்று பங்காரப்பேட்டை எனப்படும் பௌரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு இருப்புப் பாதை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர்.

அவர்களுக்கென மூங்கில் தட்டியால் ஆன குடிசைகள் வரிசை வரிசையாக அமைந்தன. அவ்வரிசைகளுக்கு 'லைன்' என்று பெயர். ஒரு முனையில் லைன். மறுமுனையில் ஷாப்ட் எனப்பட்ட சுரங்க வாய். இடையே ஒரு சாலை. சங்கு ஊதும்போது ஒரு கூட்டம் அச்சாலையில் போகும். மற்றொரு கூட்டம் திரும்பி வரும். பகல், மாலை, இரவு என மூன்று முறையும் இவ்வாறே நிகழும். இரவு முறைக்குச் செல்பவன் வீடுகள் உறங்கத் தொடங்கும் வேளையில் புறப்பட்டாக வேண்டும். மாலை முறை முடிந்தவன் நள்ளிரவில் திரும்பியாக வேண்டும். நம் தாய்நாட்டுச் சிற்றூரில் நள்ளிரவில் வழி நடப்பது அரிது. தங்கவயலில் அது அன்றாடக் கடமை. ஆகவே, ஊரிலிருந்து மனத்தில் சுமந்து வந்த அச்சம் முழுவதையும் அவர்கள் அந்தச் சாலையிலேயே இறக்கி வைத்தனர் எனலாம்.

உடன் வந்த நீலி

வடஆர்க்காட்டிலிருந்து புறப்பட்டவர்கள் பாயும் பானையும் மட்டும் கொண்டு வரவில்லை. கதைகளையும் கொண்டு வந்தனர். தொண்டை நாட்டின் புகழ்பெற்ற வழிப்பேய் பழையனூர் நீலி. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாக வழங்கும் அக்கதையை நம் பாட்டிமார் அனைவரும் அறிவர்.

முற்பிறவியில் கணவனால் வழியிடையே கொலையுண்ட பெண் ஒருத்தி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவனே என் கணவன் என்று ஊரவையில் முறையிடுகிறாள். வணிகன் அஞ்சி நடுங்குகிறான். வேளாளர் எழுபதின்மர், உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று உறுதி கூறி அவனை அவளுடன் தங்கச் செய்கின்றனர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்புகுகின்றனர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைச் சுட்டியிருப்பதால், கதையின் பழமை விளங்கும். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய 'நீலகேசி' இதே நீலியைச் சமண முனிவரிடம் அறம் கேட்டுத் தெளிந்து, பிற சமயத்தாரோடு வாதிடும் அறிவுடையாளாக மாற்றிக் காட்டுகிறது.

இக்கதையில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நீலி காரணமின்றி அலைபவள் அல்லள். அவள் கொலையுண்டவள்; அக்கொலைக்கு யாரும் தண்டனை பெறவில்லை. உயிரோடிருந்தபோது கேட்கப்படாத வழக்கை இறந்த பின் எடுத்துக்கொண்டு ஊரவைக்கு வருகிறாள். வழியில் நிற்கும் பேய், பெரும்பாலும் முடிக்கப்படாத வழக்கின் வாதி. இதனை மனத்திற் கொண்டு தங்கவயல் சாலைக்குத் திரும்புவோம்.

"சங்கு ஊதியாச்சா?"

எங்கள் லைனில் வழங்கிய கதை இது. சயனைடு மேட்டைச் சுற்றி வளைந்து ஷாப்டை நோக்கிச் செல்லும் சாலையில், திருப்பத்தில் ஒரு புளியமரம் நின்றது. இரவு முறைக்குத் தனியே செல்பவர்களுக்கு அம்மரத்தடியில் ஒரு பெண் தென்படுவாள் என்பர். கையில் சோற்றுத் தூக்கு இருக்கும். யாரையும் அடிக்க மாட்டாள், தொடவும் மாட்டாள். "ஏம்பா, சங்கு ஊதியாச்சா?" என்று மட்டும் கேட்பாள். ஊதியாயிற்று என்றாலும் இல்லை என்றாலும், சொல்லி முடிப்பதற்குள் மறைந்துவிடுவாள். விடை சொல்லாமல் ஓடினால் காய்ச்சல் வரும் என்பது கதையின் இறுதிப் பகுதி.

கதை சொன்ன மூதாட்டியிடம், "அவள் யார்?" என்று நாங்கள் கேட்டோம். "புருஷனுக்குச் சோறு கொண்டுபோனவ. அவன் மேலே வரலை. இன்னும் காத்துக்கிட்டு நிக்கிறா" என்றார். அவ்வளவுதான் கதை. கொலையில்லை, சாபமில்லை, பழிவாங்கல் இல்லை. ஒருத்தி காத்திருக்கிறாள்; அவ்வளவே.

நீலியின் கதையையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாட்டுப்புறத்துப் பேய் சுரங்க ஊருக்கு வந்ததும் எவ்வாறு மாறிவிட்டது என்பது புலப்படும். நீலியைக் கொன்றவன் ஒரு மனிதன். அவனைப் பின்தொடர அவளால் முடிந்தது. சோற்றுத் தூக்கு ஏந்தியவளின் கணவனைக் கொன்றது பாறை. அவள் யாரைப் பின்தொடர்வாள்? எந்த அவையில் முறையிடுவாள்? ஆதலால், அவள் வழியில் போவோரிடமெல்லாம் ஒரே வினாவைக் கேட்டு நிற்கிறாள்.

கண்டதும் கேட்டதும்

இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கும் அச்சாலையில் ஓர் இரவு நேர்ந்தது. உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து, தந்தையாருடன் நாங்கள் அவ்வழியே நடந்து வந்து கொண்டிருந்தோம். நிலவு இருந்தது, காற்றும் இருந்தது. திருப்பத்தை நெருங்கியபோது, மேட்டின் சரிவில் வெண்மையான உருவம் ஒன்று எழுந்து, ஆளுயரத்திற்கு நின்று, அசைந்து, சாலைக்குக் குறுக்கே வந்து கலைந்தது. எங்கள் நா உலர்ந்துவிட்டது. தந்தையார் நிற்கவில்லை, எங்கள் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு அதே நடையில் நடந்தார். அதைக் கடந்தபோது எங்கள் முகத்திலும் உதட்டிலும் மாவு போன்ற நுண்தூள் படிந்தது.

வெள்ளைச் சேலைக்காரியின் மெய்ப்பொருள் அன்று எங்கள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. தாதுப் பாறையை மாவாக இடித்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு மண்ணை நூறாண்டுக் காலம் கொட்டிக் குவித்தவையே சயனைடு மேடுகள். புல்லும் முளைக்க அரிதான அக்குன்றுகளிலிருந்து, காற்றடிக்கும் பருவத்தில் வெண்தூசி எழுந்து லைன்களின் மேல் படரும். நிலவொளியில் அத்தூசிச் சுழல் சேலை உடுத்த பெண்ணாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இவ்வாறே வேறு சிலவற்றுக்கும் காரணம் காணலாம். தொலைவில் வரிசையாக ஆடிச் செல்லும் தீக்கொள்ளிகளைக் கண்டு, கொள்ளிவாய்ப் பிசாசு என்று குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவடைத்த தாய்மார் உண்டு. மின்விளக்கு பரவுவதற்கு முன் சுரங்கத் தொழிலாளர் கார்பைடு விளக்குகளை ஏந்தினர் என்பதை எண்ணினால், அக்கொள்ளிகள் யாருடையவை என்பது எளிதில் விளங்கும். இருளில் பின்தொடர்ந்த காலடியோசைக்கும் விளக்கமுண்டு. பொன் திருட்டைத் தடுக்கச் சுரங்கப் பகுதி முழுவதும் இராக்காவல் இருந்தது. நள்ளிரவில் வழி நடப்பவனைக் காவலர் ஓசையின்றித் தொடர்வதும், காவலருக்கு அஞ்சி வேறொருவன் மரநிழலில் பதுங்குவதும் நடக்கக்கூடியவையே. சாலையில் ஆள் நடமாட்டம் குறைய வேண்டும் என்று விரும்பியவர்களுக்குப் பேய்க் கதை நல்ல துணையாகவும் இருந்திருக்கும் என எண்ண இடமுண்டு.

ஒளியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவைக் கம்பி வழியே கடந்து தங்கவயலை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்த அருஞ்செயல் இது. எனினும் அம்மின்சாரம் முதலில் எந்திரங்களுக்காக வந்தது. தட்டிக் குடிசைகளுக்காக வந்ததன்று. வேலைக் களம் ஒளிர, குடியிருப்பு இருளில் கிடந்த ஊரில், இரண்டுக்கும் இடைப்பட்ட சாலை பேய்களின் உறைவிடமாயிற்று.

நிலத்துக்குள் ஒலித்த தட்டல்

தூசிக்கும் விளக்குக்கும் விளக்கம் தந்துவிடலாம். நிலத்துக்குள்ளிருந்து எழுந்த ஓசைக்கு அவ்வளவு எளிதாக விளக்கம் தர இயலாது. இரவில் படுத்திருக்கையில் தரைக்கடியில் யாரோ தட்டுவது போல ஒலிக்கும். சில வேளைகளில் அடுக்குப் பானைகள் உருண்டு விழ நிலமே ஒருமுறை குலுங்கி அடங்கும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் செல்சியசு அளவில் அறுபது பாகைக்கும் மேற்பட்டிருந்தது. பொன்பாறையை வெட்டி எடுத்தபின் உண்டாகும் வெற்றிடத்தை, மேலுள்ள மலையளவு பாறை அழுத்துகிறது. அழுத்தம் தாங்காத பாறை முதலில் முனகும், நெறிபடும், பின்னர் ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். இதனைத் தொடக்கத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். பின்னர்ப் பாறை வெடிப்பு என்று அறிவியலார் வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தங்கவயலில் இது பதிவாகியுள்ளது. 1952-ஆம் ஆண்டிலும் 1962-ஆம் ஆண்டிலும் சாம்பியன் ரீஃபில் நேர்ந்த பெரும் பாறை வெடிப்புகளை முதியோர் மறக்கவில்லை. கருங்கல்லை அடுக்கி வெற்றிடங்களை நிரப்பியும், நில அதிர்வுக் கருவிகளை அமைத்தும் பொறியாளர் இதனோடு போராடினர். 1988-ஆம் ஆண்டில் தேசியப் பாறை இயக்கவியல் ஆய்வு நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றியதற்கு இக்கொடிய பட்டறிவே அடிப்படை.

இதில் சுவையான ஒப்புமை ஒன்றுண்டு. தங்கவயலுக்குச் சுரங்கத் தலைவர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் வந்த ஆங்கிலேயருள் பலர் கார்ன்வால் பகுதியினர். அவர்களுடைய தாய்நாட்டு வெள்ளீயச் சுரங்கங்களில் 'நாக்கர்' எனும் குட்டிப் பேய்கள் வாழ்வதாகப் பழைய நம்பிக்கை உண்டு. நாக்கர் என்றால் தட்டுபவர். அவர்கள் சுவரைத் தட்டினால் பாறை சரியப் போகிறது என்பது எச்சரிக்கை. அதற்கு நன்றியாகத் தம் உணவில் ஒரு துண்டை அவர்களுக்கென விட்டு வருவது கார்ன்வால் தொழிலாளர் வழக்கம். கடல் கடந்து வந்த துரையின் நாட்டிலும், வடஆர்க்காட்டிலிருந்து வந்த கூலியின் லைனிலும், நிலத்தடித் தட்டலுக்கு மக்கள் ஒரே வகையில் பொருள் கண்டனர். பாறையின் முனகலைக் கேட்டு விலகியவன் உயிர் பிழைத்தான். அந்த நுண்ணிய பட்டறிவு, பேய் எச்சரித்தது என்ற சொல்லில் பொதிந்து தலைமுறை கடந்தது.

பெங்களூரில் 1990-களில் ஒரு பரபரப்பு எழுந்தது. இரவில் பேய் வந்து கதவைத் தட்டும், உறவினர் குரலில் அழைக்கும், திறந்தவர் இறப்பர் என்ற வதந்தியால், மக்கள் கதவுகளில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தனர். 'நாளை வா' என்பது அதன் பொருள். அதைப் படித்துப் பேய் திரும்பிவிடுமாம். தங்கவயல் குடும்பங்களிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்றவர்களும் இதைக் கண்டு நகைத்தனர். சிலர் எழுதியும் வைத்தனர். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் இரவில் கதவு தட்டப்பட்டபோது எழுந்த முதல் அச்சம் பேயைப் பற்றியதன்று. கீழே சென்றவனைப் பற்றிய செய்தி வந்துவிட்டதோ என்பதே அந்த அச்சம். அதற்கு, நாளை வா என்று எழுதி வைக்க இயலாது.

மறுத்தவர்களும் தேடியவர்களும்

தங்கவயல் மக்கள் பேய்க்கு அஞ்சி வாழ்ந்த எளியோர் என்று மட்டும் எண்ணிவிடுதல் பிழையாகும். பகுத்தறிவு வாதம் தென்னிந்தியாவில் ஆழ வேரூன்றிய ஊர்களுள் அது ஒன்று. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு 1907-ஆம் ஆண்டிலேயே மாரிகுப்பத்தில் கிளை அமைந்தது. பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழைச் சுரங்கத் தொழிலாளர் படித்தும் படிக்கக் கேட்டும் வந்தனர். அவ்விதழ் நின்றபின், 1926-ஆம் ஆண்டில் தங்கவயலிலிருந்தே அதனை மீண்டும் வெளியிட்டவர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்த புத்தகசாலை எனும் பதிப்பகமும் அவ்வூரில் பணியாற்றியது. பின்னர்ச் சுயமரியாதை இயக்கமும் பொதுவுடைமைச் சங்கமும் அதே மண்ணில் வளர்ந்தன. எங்கள் லைனில் ஒரு திண்ணையில் பேய்க்கதை நடந்தால், எதிர்த்திண்ணையில் அதனை மறுக்கும் சொற்பொழிவு நடக்கும். இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

பார்வைக்குப் புலப்படாத ஒன்றைத் தேடி அறிவியலாரும் அவ்விருளுக்குள் இறங்கினர் என்பது பலர் அறியாத செய்தி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு இணைந்து, சாம்பியன் ரீஃபில் ஏறத்தாழ 2300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தது. காற்று மண்டலத்தில் பிறந்து, பாறையையும் நம் உடலையும் தடையின்றி ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ எனும் நுண்துகளின் சுவட்டை, 1965-ஆம் ஆண்டில் அவர்கள் அங்கே கண்டறிந்தனர். அத்துகளைப் 'பேய்த்துகள்' என்று செல்லமாக அழைப்பதும் உண்டு. கூலிக்காரன் கூண்டில் இறங்கிய அதே ஷாப்டுகளின் ஆழத்தில், உலகம் வியந்த பேய் ஒன்று அறிவியலின் கையில் அகப்பட்டது!

பேய் காத்து நின்ற புண்

நம் பழைய இலக்கணம் பேயைப் பற்றிக் கூறுவன இரண்டை ஈண்டு நினைவுகூர்வோம். 'பேம்' என்ற உரிச்சொல்லுக்கு அச்சம் என்பது பொருள் எனத் தொல்காப்பியம் கூறுகிறது. அதே நூல், காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகப் பேய்ப் பக்கம் என்பதையும் வைத்துள்ளது. போரில் புண்பட்டு விழுந்த வீரனைப் பேணச் சுற்றத்தார் யாரும் இல்லாதபோது, பேய் அவனைக் காத்து நிற்பதே அத்துறையின் பொருள். அச்சந்தரும் பேயைக் கைவிடப்பட்டவனின் காவலாகக் கண்ட இக்கருத்து, தங்கவயல் சாலைக்கு எவ்வளவு பொருந்துகிறது!

தூசி உருவம் கலைந்த அந்த இரவில், வீட்டை நெருங்கிய பின்னர் நாங்கள் தந்தையாரிடம், "அது பேயா அப்பா?" என்று கேட்டோம். அவர் பௌத்த சங்கத்துப் படிப்பகத்தில் எழுத்தறிவு பெற்றவர். பேயை ஒருபோதும் ஒப்பாதவர். "பேயும் இல்லை, பிசாசும் இல்லை; மேட்டு மண் பறக்கிறது" என்றார். "அப்படியானால் நீங்கள் ஏன் அங்கே பேசாமல் நடந்தீர்கள்?" என்று எங்களுள் இளையவன் கேட்டான். தந்தையார் சற்று நேரம் விடை கூறவில்லை. பிறகு காலால் தரையைத் தட்டிக் காட்டி, "இந்த வழிக்கு நேர் கீழேதான் நாங்கள் வேலை செய்கிற மட்டம். அங்கே என்னோடு இறங்கியவர்கள் சிலர் திரும்ப ஏறவில்லை. எடுக்க முடியாமற் போனவர்களும் உண்டு. அவர்கள் தலைக்கு மேலே நடக்கும்போது என்ன பேச்சு?" என்றார்.

அதன்பின் அவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொருவரின் பெயர், வந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எந்த ஆண்டு என ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். நாங்கள் உறக்கக் கலக்கத்தில் கேட்டோம். இன்று அவற்றுள் இரண்டு பெயர்களே எங்கள் நினைவில் நிற்கின்றன. புளியமரத்துப் பெண்ணின் கதையோ ஒரு சொல்லும் குறையாமல் நினைவிலிருக்கிறது. இதுவே எங்களை உறுத்தும் குறை.

பாறை வெடிப்பில் இறந்தவர்கள் மட்டுமல்லர். கல்மாவை மூச்சோடு உள்வாங்கியதால் நுரையீரல் இறுகி, வேலையை விட்டபின் இருமி இருமி மெலிந்து மாண்டவர் எண்ணற்றோர். 1940-களில் தங்கவயலில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் பத்தில் நால்வருக்கு மேல் இந்தச் சிலிகோசிஸ் நோய்க்கு ஆட்பட்டிருந்தனர். 1946 நவம்பர் 4-ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்த ஆறு தொழிலாளர்களுக்கு நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் அஞ்சலியும் உண்டு. பாறைக்கும் தூசிக்கும் இரையானவர்களில் பலருக்குக் கல் இல்லை, நாளும் இல்லை. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்ட இனம், சுரங்கத்தில் விழுந்தவனுக்குப் பேய்க் கதையை நட்டு வைத்தது.

சங்கு நின்ற பின்

1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-ஆம் ஆண்டில் அவை நடுவண் அரசிடம் சென்றன. 1972-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கப் பணி நின்றது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு டன் பொன் தந்த நிலத்துக்குள் நீர் ஏறியது. மக்கள் பெங்களூருக்கு அன்றாடம் இரயிலேறிச் சென்று பிழைத்தனர். பலர் நம்மைப் போல் நிலையாகவே வெளியேறினர். சுரங்கம் மூடிய பின்னரும், நீர் புகுந்த வெற்றிடங்களில் பாறைகள் நெகிழ்வதால் நில அதிர்வுகள் பதிவாகியுள்ளன. தட்டும் ஓசை இன்னும் அடங்கவில்லை என்று அங்குள்ளவர்கள் சொன்னால், அது வெறுங்கதை ஆகாது.

அண்மைக் காலத்தில் திரைப்படங்கள் தங்கவயலை உலகறியச் செய்தன. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தங்கலான்' திரைப்படம், வடஆர்க்காட்டிலிருந்து பொன் தேடிச் சென்ற உழைப்பாளரையும், பொன்னைக் காத்து நிற்கும் மாயப் பெண்ணுருவையும் காட்டியது. புதையலைப் பூதம் காக்கும் என்ற பழைய நம்பிக்கையின் புதிய வடிவம் அது. நம் பிள்ளைகள் திரையரங்கில் அதைக் கண்டு வந்து, "நம் தாத்தா ஊரா இது?" என்று வியப்போடு கேட்கிறார்கள். கேட்கும் காலம் இது. சொல்லக்கூடியவர்கள் குறைந்துவரும் காலமும் இதுவே.

ஆகவே, குழந்தை, "இது உண்மையா?" என்று கேட்கும்போது இனிச் சிரித்து மழுப்ப வேண்டா. வெண்ணுருவம் தூசி என்று சொல்வோம். தட்டல் பாறையின் முனகல் என்று சொல்வோம். சோற்றுத் தூக்கோடு நின்றவள் உண்மையானவள் என்றும் சொல்வோம். அவள் ஒருத்தி அல்லள், பலர். அவர்களுள் ஒருத்தி நம் பாட்டியாகவோ பாட்டியின் தமக்கையாகவோ இருந்திருக்கலாம்.

சங்கத்து அன்பர்களிடம் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேட்டை எடுத்து, சுரங்கத்தில் உழைத்த தம் முன்னோரின் பெயர், விட்டு வந்த ஊர், உழைத்த சுரங்கம், வாழ்ந்த லைன், மறைந்த ஆண்டு, மறைந்த வகை ஆகியவற்றை, முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எங்கள் தந்தையார் சொன்னவற்றுள் எஞ்சிய இரு பெயர்களை நாங்கள் எழுதி வைத்துவிட்டோம். மற்றவற்றைச் சொல்ல இன்று அவர் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியவர் இன்னும் உங்கள் வீட்டில் இருப்பாராயின், இன்றிரவே கேளுங்கள். பேய்க் கதையில் தொடங்கினால் அவர் மனம் திறந்து பேசுவார்.